பட்டியலில் பெயரில்லாத அயலவர்

எமது மட்டக்களப்பு மாவட்டத்தில் இடம்பெயர்வு ஒருமுறை வந்து போன துன்பமல்ல. 1990இல் ஓடினோம். 2004 டிசம்பர் 26இல் கடல் துரத்தியது. 2007 மார்ச்சில் படுவான்கரைக் கிராமங்கள் வெறுமையாகின. வாவியைக் கடந்து எழுவான்கரைக்கு வந்தவர்கள் பாடசாலைகளிலும் ஆலய வளவுகளிலும் தறப்பாள் கொட்டில்களிலும் தங்கினார்கள். வாகரைப் பக்கத்திலிருந்து வந்தோரையும் சேர்த்தால் அந்நாட்களில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இம்மாவட்டத்தில் வீடற்றிருந்தனர்.

முகாமில் இருந்தவரின் தேவை கண்ணுக்குத் தெரிந்தது. கொட்டில் இருந்தது, பதிவு இருந்தது, வரிசை இருந்தது. உறவினர் வீட்டு விறாந்தையில் ஒதுங்கிய குடும்பத்தின் நிலை வேறு. அங்கே நிவாரண லொறி நிற்பதில்லை. ஒரு உலையில் இரு குடும்பம் பொங்க, விருந்தாளியாய் வந்தவர் மாதக்கணக்கில் பாரமாகிக் கூனிக்குறுகினார். பத்து ஏக்கர் விதைத்துப் பலருக்கு நெல் அளந்து கொடுத்த கமக்காரன் கோப்பையோடு வரிசையில் நிற்கக் கூசுவான். “எங்களுக்கு ஒன்றும் தேவையில்லை” என்று அவன் சொன்னால், அதைக் கேட்டுவிட்டு அப்படியே போய்விடலாமா?

நல்ல சமாரியன் உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஆசாரியனும் லேவியனும் அடிபட்டுக் கிடந்தவனைக் காணாமல் போகவில்லை, கண்டபின்தான் விலகிப் போனார்கள். சமாரியனோ கிட்டப் போனான். காயம் கட்டியதோடும் அவன் நிற்கவில்லை. சத்திரக்காரனிடம் பணம் கொடுத்து, திரும்பி வரும்போது மிச்சச் செலவையும் தருவதாகச் சொல்லிப் போனான். முதல் வாரம் சாப்பாட்டுப் பார்சல் கொடுப்பவர் எம்மில் பலர் உண்டு. ஆறாம் மாதம் மறுபடி கதவைத் தட்டுகிறவர்தான் குறைவு.

அந்தச் சமாரியன் வேற்றுச் சமூகத்தவன் என்பதும் எமக்குச் சொல்லப்பட்டதே. 1990 ஆகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். செப்டம்பர் 9இல் சத்துருக்கொண்டானில் தமிழ்ப் பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். இவ்விரண்டுக்கும் நடுவே, ஆகஸ்ட் 15இல், புனித மிக்கேல் கல்லூரியில் நெடுங்காலம் பணியாற்றிய யேசுசபைத் துறவி யூஜின் ஹேபர்ட் அடிகளார், ஆபத்திலிருந்தவர்களின் பாதுகாப்பைப் பார்க்க வாழைச்சேனைக்குப் போய்விட்டு மட்டக்களப்புக்குத் திரும்பினார். அவரும் உடன் வந்த தமிழ் இளைஞரும் வந்து சேரவேயில்லை. 1948இல் அமெரிக்காவிலிருந்து இங்கு வந்தவர் அவர். அந்த ஆகஸ்டில் எவரும் வீதிக்கு இறங்க அஞ்சினார்கள். அவர் இறங்கினார்.

படுவான்கரையில் வயலை விட்டு வந்தவர்களில் முஸ்லிம் விவசாயிகளும் இருந்தார்கள். அவர்கள் பட்ட பாட்டை விளங்கிக்கொள்ள எம்மைவிட ஏற்றவர் யார்? இன்று மயிலத்தமடு மாதவணைப் பண்ணையாளர்களின் கதையும் எமக்குப் புதிதல்ல. மேய்ச்சல்தரை பறிபோகிறதென்று அவர்கள் 2023 செப்டம்பரில் சித்தாண்டி வீதியோரத்தில் அமர்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் எமது ஆலயத்துக்கு வருகிறவர்களல்லர். அதனால் அவர்கள் அயலவர் இல்லையென்று யாராவது சொன்னால், அவர் உவமையை இன்னொருமுறை வாசிக்கட்டும்.

“நாமே நிவாரணம் வாங்கினவர்கள், நாம் என்ன கொடுப்பது?” என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பணம் இல்லைத்தான். ஆனால் பிடியரிசி எடுத்து வைக்கும் வழக்கம் எம் தாய்மாருக்குப் புதிதல்ல. கமக்காரனுக்கு அரிசியை விடப் பெரிய தேவை காலம். பெரும்போக விதைப்பைத் தவறவிட்டால் ஓராண்டு போயிற்று. கணவனை இழந்த பெண்ணின் வயலில் நாலுபேர் ஒருநாள் வரம்பு கட்டிக் கொடுத்தால், ஒரு மூடை விதைநெல்லை அறுவடைக்குப் பின் திருப்பித் தரும்படி கொடுத்தால், அவள் வாராவாரம் தவணைப் பணம் கேட்டு வருகிற நுண்கடன்காரரின் வாசலுக்குப் போகவேண்டியதில்லை. அக்கடன் எத்தனை வீடுகளின் நகையையும் நித்திரையையும் கொண்டுபோயிற்று என்பது இம்மாவட்டத்தில் எவருக்கும் தெரியாததல்ல.

இவற்றையெல்லாம் பங்குத்தந்தையும் தொண்டு நிறுவனமும் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிட வேண்டாம். நிறுவனத்துக்குத் திட்டக்காலம் உண்டு, முடிந்ததும் பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டு போய்விடும். அடுத்த வீட்டில் இரண்டு நாளாக அடுப்புப் புகையவில்லை என்பது உங்களுக்குத்தான் முதலில் தெரியும்.

அடுத்த பெரும்போக ஆரம்பக் கூட்டத்துக்குப் போகும்போது உங்கள் வட்டவிதானையிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: இம்முறை வட்டைக்குள் எந்த வயல் விதைக்கப்படாமல் கிடக்கப் போகிறது, அது யாருடையது? அவருக்குத் தெரிந்திருக்கும்.