திட்டக்குழுவுக்கும் ஒரு சட்டம் வேண்டும்

சங்கங்களை ஆய்வு செய்யச் செல்லும்போது நாம் முதலில் கேட்பது தீர்மானப் புத்தகத்தை. சங்கம் தன் பெயரை மாற்ற விரும்பினாலும் பொதுப் பேரவை கூடித் துணைவிதியைத் திருத்த வேண்டும். பதிவாளர் அத்திருத்தத்தைப் பதிவு செய்ய வேண்டும். 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் விதித்துள்ள இம்முறை, சிறிய நெசவாளர் சங்கத்துக்கும் பொதுவானது.

மாநிலம் முழுமைக்கும் திட்டம் தீட்டும் குழுவின் நிலையோ வேறு. 1971 மே 25இல் முதலமைச்சர் மு. கருணாநிதி தலைமையில் மாநிலத் திட்டக்குழு அமைந்தது. அதைத் தோற்றுவித்தது சட்டமன்றம் இயற்றிய சட்டம் அன்று, சர்க்கார் உத்தரவே. 2020இல் அது மாநில வளர்ச்சிக் கொள்கைக் குழு எனப் பெயர் மாறியது. 2021இல் ஆட்சி மாறியதும் குழு திருத்தியமைக்கப்பட்டது. பின்னர் பழைய பெயரே திரும்பிற்று. டெல்லியிலும், 1950இல் மந்திரிசபைத் தீர்மானத்தால் பிறந்த திட்டக் கமிஷன் மறைந்து, 2015 ஜனவரி 1இல் மற்றொரு தீர்மானத்தால் நிதி ஆயோக் வந்தது.

எந்த ஆட்சியையும் குறைகூறுவது நமது நோக்கமன்று. உத்தரவால் வந்தது உத்தரவாலேயே போகும் என்பதே நாம் சுட்டுவது.

இதனால் நமக்கென்ன என்று அங்கத்தினர் கேட்கலாம். உதகை, குன்னூர், கோத்தகிரி வட்டாரங்களில் பறித்த பச்சைத் தேயிலை அன்றே தொழிற்சாலை சேர வேண்டும். மழையில் சாலை சரிந்தால் அன்றைய உழைப்பு வீணாகும். சமவெளிக் கணக்கு மலைக்கு ஒவ்வாது என்பதாலேயே ஐந்தாவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் நீலகிரிக்கு மலைப்பகுதி மேம்பாட்டுத் திட்டம் வகுக்கப்பட்டது. தேயிலைச் செடி பல பத்தாண்டுகள் பயன் தருவது. அதற்குத் திட்டமிடும் குழு தேர்தலுக்குத் தேர்தல் உருமாறலாமா? கைத்தறிக்கு நூலும் சந்தையும் தேடும் நெசவாளர்க்கும் இக்கேள்வி பொருந்தும்.

முதலமைச்சர் தமக்கு உகந்த ஆலோசகரை அமர்த்தக் கூடாதா எனச் சிலர் வினவுவர். தாராளமாக அமர்த்தலாம். சங்கத்திலும் நிர்வாகக் குழு மாறுகிறது. துணைவிதி நிலைத்து நிற்கிறது. 1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் மாவட்டத் திட்டக்குழுவுக்கு இத்தகைய அடிப்படையை அளித்தது. அதன் அங்கத்தினரில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாதோர், உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்குள்ளிருந்து அவர்களாலேயே தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். மாவட்டத்துக்குப் பொருந்துவது மாநிலத்துக்குப் பொருந்தாதா?

ஆகவே சட்டமன்றத்தில் ஒரு மசோதா வரவேண்டும். அதில் மூன்று அம்சங்கள் இன்றியமையாதவை. குழுவினர்க்கு நிலையான பதவிக்காலம் வேண்டும். குழுவின் ஆண்டறிக்கையும், ஏற்காத யோசனைகளுக்குச் சர்க்கார் கூறும் காரணமும் சட்டமன்றத்தின் முன் வைக்கப்பட வேண்டும். நெசவாளர், விவசாயி கூட்டுறவுகளுக்கும் மலை மாவட்டங்களுக்கும் குழுவில் இடம் வேண்டும்.

சட்டம் மட்டும் சாலை போடாது. நூல் விலையைக் குறைக்காது. ஆனால் கேட்பதற்கு உரிமையும் பதில் சொல்வதற்குக் கடமையும் அதனால் ஏற்படும். அடுத்த பொதுப் பேரவையில் அங்கத்தினர் இதை விவாதிக்கட்டும். உடன்பட்டால் தீர்மானம் நிறைவேற்றித் தங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினருக்கு அனுப்பட்டும்.