தண்ணீர் ஊற்றிக் கொன்ற நித்தியகல்யாணி

கேள்வி: "ஐயா, எங்களுக்கு விளாத்திகுளம் பக்கம், கரிசல் பூமி. போன பங்குனியில் நர்சரியிலிருந்து பன்னிரண்டு நித்தியகல்யாணிச் செடி வாங்கி வாசலில் வைத்தேன். கோடை முழுக்கப் பூத்தது. ஐப்பசி மழையில் ஒவ்வொன்றாக வாட ஆரம்பித்தது. காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றியும் ஒன்பது செடி பட்டுப்போய்விட்டது. சுடுகாட்டுப் பூவை வாசலில் வைத்தால் இப்படித்தான் ஆகும் என்கிறார் மாமியார். மீதி மூன்றையாவது காப்பாற்ற வேண்டும். என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை இருக்கிறது. தினமும் இந்தப் பூவையும் இலையையும் கொதிக்க வைத்துக் குடிக்கிறார், மாத்திரையைப் பாதியாகக் குறைத்துவிட்டார். அதற்காகவும் செடி வேண்டும்."

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தின் கடைசி வரியைப் படித்ததும் இதழ் வரும்வரை காத்திருக்க மனம் வராமல் அன்றே போனில் பேசினேன். அதை மற்றவர்களுக்காகப் பிறகு எழுதுகிறேன். முதலில் செடி.

உங்கள் செடி தாகத்தில் சாகவில்லை. மூச்சு முட்டிச் செத்தது. கரிசல் மண் மழைத் தண்ணீரை நாள்கணக்கில் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த ஈரத்தில் பூஞ்சணம் புகுந்து வேரை அழுகச் செய்யும். வேர் அழுகிய செடியால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால் காலடியில் தண்ணீர் நிற்கும்போதே மேலே இலை தொங்கும். தொங்குவதைப் பார்த்து நாம் இன்னும் இரண்டு குடம் ஊற்றுவோம். நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அலுவலக வாசலில் ஒரு பாத்தி முழுக்க இப்படித்தான் காலி செய்தேன். விவசாயம் படித்தவன் என்ற பெயர் வேறு.

செத்த செடி ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள். வேர் கறுத்து, விரலால் இழுத்தால் தோல் கழன்று வந்தால் அழுகல்தான்.

உங்கள் மாமியார் சொன்னதிலும் ஒரு பாடம் இருக்கிறது. இந்தச் செடி ஏன் சுடுகாட்டில் செழிக்கிறது? அங்கே நிழல் இல்லை. குழிமேடு மேடாக இருப்பதால் தண்ணீர் தங்காது. யாரும் குடத்தோடு போய் ஊற்றுவதில்லை. உடைத்தால் கசப்புப் பால் வருவதால் ஆடும் கடிப்பதில்லை. வாசலில் அதே வசதியைச் செய்து கொடுத்தால் போதும். மற்றபடி பூவுக்கு ராசி ஏது!

மீதி மூன்று செடிக்கும் தண்ணீரை உடனே நிறுத்துங்கள். பட்ட செடிகளை வேரோடு எடுத்து அப்புறப்படுத்துங்கள், குப்பைக்குழியில் போட வேண்டாம். காப்பர் ஆக்ஸிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து தூரைச் சுற்றி ஒரு முறை ஊற்றலாம். ஏற்கெனவே வாடிய செடியை அது எழுப்பாது. பச்சையாக இருப்பதைக் காக்கும், அவ்வளவுதான். அதைவிட நல்லது, நன்றாக இருக்கும் கிளையில் நான்கு விரல்கடை நீளத்துக்கு நுனி வெட்டி ஈர மணலில் ஊன்றி நிழலில் வைப்பது. தாய்ச்செடி போனாலும் பிள்ளை இருக்கும்.

புதிதாக வைக்க மாசி வரை பொறுங்கள். நாள் முழுக்க வெயில் விழும் இடமாகப் பார்த்து, தரையிலிருந்து அரை அடிக்குக் குறையாமல் மேட்டுப்பாத்தி போடுங்கள். கரிசலை மட்டும் வைத்துப் போடாமல் செம்மண்ணும் மணலும் சரிபாதிக்கு மேல் சேருங்கள். மக்கிய தொழுவுரம் ஒரு செடிக்கு இரண்டு கைப்பிடி போதும். யூரியா வேண்டாம், இலைதான் கொழுக்கும், பூ குறையும். குளியல் தண்ணீர் ஓடும் வழியில் பாத்தி அமையக் கூடாது. நர்சரியில் கிடைக்கும் குட்டை ரகத்துக்குச் செடிக்குச் செடி ஓர் அடி விடுங்கள். நாட்டு ரகம் இடுப்புயரத்துக்கும் வரும், அதற்கு ஒன்றரை அடி. சாண் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை வெடித்துக் குத்தாக நிற்கும். இரண்டு மூன்று வருடத்தில் அடி மரமாகிவிட்டால் புதுச்செடி மாற்றுங்கள்.

தண்ணீர் எப்போது? மதிய வெயிலில் இலை சுருங்குவது இயல்பு, சாயங்காலம் தானே நிமிரும். விடிகாலையில் பார்க்கும்போதும் வாடியிருந்தால், விரலை மண்ணில் விட்டு உலர்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள்.

இலை சிறுத்துப் பூ பச்சையாக மாறினால் அந்தச் செடியைப் பிடுங்கிவிடுங்கள். எள்ளில் பூ இலையாகிப்போகும் நோயைப் பார்த்திருப்பீர்களே, அந்த வகை. தத்துப்பூச்சி பரப்பும், மருந்து கிடையாது.

இனி வீட்டுக்காரர் விஷயம். சர்க்கரைக்கு இதைக் குடிப்பது நம் ஊரில் மட்டும் இல்லை. ஜமைக்கா தீவிலும் குடித்தார்கள். 1952-ல் அங்கிருந்து கொஞ்சம் இலை கனடாவுக்குப் போனது. ராபர்ட் நோபிள் என்ற ஆராய்ச்சியாளர் சாற்றை எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்தார், சர்க்கரை அசையவில்லை. ஊசியாகப் போட்டபோது எலிகள் சில நாளில் கிருமி தொற்றிச் செத்தன. பார்த்தால், நோயை எதிர்க்கும் வெள்ளணுக்கள் ரத்தத்தில் சரிந்திருந்தன. அந்த வழியில் போய்த்தான் அவரும் சார்லஸ் பீரும் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தைக் கண்டறிந்து 1958-ல் வெளியிட்டார்கள். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் வின்கிரிஸ்டினும் இதே செடியிலிருந்து வந்ததுதான். மருத்துவர்கள் அதை மில்லிகிராம் கணக்கில் அளந்து ரத்தக்குழாயில் ஏற்றுகிறார்கள். அப்படிக் கொடுக்கும்போதே கை கால் மரத்துப்போவதுண்டு.

சட்டியில் கொதிக்கும் தண்ணீருக்கு அந்த அளவு ஏது? ஒரு செடிக்கும் இன்னொரு செடிக்கும் வீரியம் மாறும். சர்க்கரைக்காரருக்குப் புண் ஆறுவதே தாமதம். மாத்திரையையும் குறைத்து, வெள்ளணுவையும் குறைக்கக்கூடிய ஒன்றைக் குடித்தால் காலில் முள் குத்தினாலும் தெரியாது, ஆறவும் ஆறாது. உடனே நிறுத்தச் சொன்னேன். மருத்துவரிடம் போகும்போது இதைக் குடித்ததை மறைக்காமல் சொல்லுங்கள் என்றேன். மூன்றாம் நாள் அந்த அம்மாவே கூப்பிட்டார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்திருக்கிறார்களாம், மாத்திரையைப் பழைய அளவுக்கே போடச் சொல்லிவிட்டார்களாம். "திட்டுவாங்கன்னு பயந்தாரு ஐயா, திட்டல" என்றார்.

கேள்வி: "நித்தியகல்யாணியை ஒரு ஏக்கர் மானாவாரியாகப் போட்டால் இலை, வேர் விற்குமா?"

பதில்: தென்மாவட்டங்களில் போடுகிறார்கள். ஒரு வருடப் பயிர். இரண்டு முறை இலை அறுத்து, கடைசியில் வேரோடு எடுப்பார்கள். நேரடி விதைப்புக்கு ஏக்கருக்கு ஒரு கிலோ விதை, மணலில் கலந்து தூவ வேண்டும். ஆனால் வாங்குகிறவர் யார், என்ன விலை என்று எழுத்தில் வாங்காமல் விதையில் கை வைக்காதீர்கள். இதைச் சந்தையில் கொண்டுபோய்க் கூறுகட்டி விற்க முடியாது, விற்காவிட்டால் மாட்டுக்கும் போட முடியாது. களையோடு அறுத்துத் தீவனத்தில் கலந்துவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாசலுக்கு மட்டும் விதை வேண்டுபவர்கள், காய் பச்சை மாறி மஞ்சளாகும்போதே பறித்து நிழலில் உலர்த்துங்கள். ஒரு நாள் தாமதித்தால் வெடித்துக் கொட்டிவிடும். விதைக்கு மேல் மெல்லிய மண் மூடட்டும், வெளிச்சம் பட்டால் சரியாக முளைக்காது.