படைப்புக் கதைகளும் பள்ளிப் பிள்ளைகளும்

"நம்மை யார் படைத்தார்?" என்று பிள்ளை கேட்கிறது. விடை கூற வேண்டிய நம்மவருள் இரு கட்சியார் உளர். ஒரு கட்சியார், "பிரமன் படைத்தான், அதற்குமேல் கேளாதே" என்று பிள்ளையின் வாயை மூடுவர். மற்றொரு கட்சியார் நம் சீர்திருத்தத் தோழர்கள். இவர்கள், "எல்லாம் புளுகு, அந்தக் குப்பையைப் பள்ளிக்குள் விடாதே" என்று பள்ளியின் கதவை மூடுவர். இருவரும் பிழைபட்டனர் என்பதே நம் துணிபு. பல நாட்டுப் படைப்புக் கதைகளையும் சமூகப் பாட வகுப்பில் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பிள்ளைகள் கற்க வேண்டும். அதன் காரணத்தைக் கூறுவோம்.

முதலில் பாபிலோனியர் கதையைப் பார்ப்போம். ஏறக்குறைய 3,600 ஆண்டுகட்கு முன் களிமண் பலகைகளில் எழுதப்பெற்ற அத்ரகாசிஸ் கதை சொல்வது யாது? ஆதியில் மனிதர் இல்லை. சிறு தெய்வங்களே பெருந்தெய்வங்களுக்காக ஆறும் வாய்க்காலும் வெட்டி உழைத்தன. உழைத்து நொந்த அவை ஒருநாள் தம் கருவிகளைத் தீயிலிட்டு, என்லில் என்னும் தலைவனின் மாளிகையை இரவில் வளைத்துக்கொண்டன. அஃது ஒரு வேலைநிறுத்தமே அன்றோ! அதற்குப் பெருந்தெய்வங்கள் கண்ட வழி என்ன? ஒரு தெய்வத்தைக் கொன்று, அதன் இரத்தத்தைக் களிமண்ணோடு பிசைந்து மனிதனை ஆக்கி, அச்சுமையை அவன் தலையில் ஏற்றின.

தோட்டத் தொழிலாளர் வழிவந்த நமக்கு இக்கதையை விளக்க உரையாசிரியர் வேண்டுவதில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம்மவர் வேலைநிறுத்தம் செய்தனர். துரைமாரைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் அவர்தம் கோரிக்கைகளுள் ஒன்று. சுமப்பதற்கென்றே படைக்கப்பட்டோம் என்ற கதையை அவர்கள் முற்றும் நம்பியிருந்தால் அக்கோரிக்கை எழுந்திருக்குமா?

இனி நம் அண்டை வீட்டாராகிய சீனர் கதை. நூவா என்னும் தேவி மஞ்சள் மண்ணைப் பிசைந்து, கையாலேயே மனிதரைச் செய்தாள். பின்னர்க் களைத்துப்போய், ஒரு கயிற்றைச் சேற்றில் தோய்த்து இழுத்தாள். கயிற்றினின்று சிதறியவையும் மனிதராயின. ஹான் அரசர் காலத்து நூலொன்று இக்கதையை எவ்வாறு முடிக்கிறது? கையாற் செய்யப்பட்டோர் செல்வரும் உயர்ந்தோருமாம்; கயிற்றினின்று சிதறினோர் ஏழைகளும் தாழ்ந்தோருமாம்.

இப்பொழுது நம் வீட்டுக் கதைக்கு வருவோம். ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் 90ஆம் பாட்டு புருஷ சூக்தம். யாகத்திற் பலியிடப்பட்ட புருஷனுடைய வாய் பிராமணன் ஆயிற்று. தோள் அரசன் ஆயிற்று. தொடை வைசியன் ஆயிற்று. பாதத்தினின்று சூத்திரன் பிறந்தான் என்கிறது அது. இந்நான்கிலும் இடம் பெறாதவரைப் பின்வந்தோர் ஊருக்கு வெளியே நிறுத்தினர்.

இதனை மட்டும் தனியே கற்பித்தால் பிள்ளைக்கு அது வேதவாக்கு. நூவாவின் கயிற்றுக்கு அருகில் வைத்துக் கற்பித்தாலோ, "ஐயா, அங்கே கயிறு, இங்கே பாதம், இரண்டிலும் கீழே கிடப்பவன் ஏன் ஏழையாகவே இருக்கிறான்? இக்கதைகளைச் சொன்னவர் எந்த இடத்தில் இருந்தார்?" என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளையே கேட்டுவிடும். நாம் நூறு மேடைகளில் முழங்கியும் விளைவிக்க இயலாத பகுத்தறிவை அந்த ஒரு கேள்வி விளைவிக்கும். ஏனெனில் அது பிள்ளை தானே கண்டது. நாம் சொல்லிக்கொடுத்த நாத்திகமும், பிறர் சொல்லிக்கொடுத்த ஆத்திகத்தைப் போல வெறும் மனப்பாடமே அன்றோ?

எல்லாக் கதைகளும் சூழ்ச்சியே என்று கருதற்க. குவாத்தமாலா நாட்டுக் கீச்சே மாயர் கதையில் மண்ணாற் செய்த மனிதர் கரைந்துபோயினர். மரத்தாற் செய்த மனிதருக்கு உள்ளம் இல்லை. மக்காச்சோள மாவாற் செய்தவரே நிலைத்தனர். சரவாக்கிலுள்ள ஈபான் மக்கள் கதையில், ஆரா, ஈரிக் என்னும் இரு பறவைகள் நீரின்மேல் மிதந்த இரு முட்டைகளினின்று வானையும் மண்ணையும் ஆக்கின. பின் களிமண்ணால் மனிதரைச் செய்து, கும்பாங் மரத்தின் செந்நிறப் பாலைக் குருதியாக ஊட்டின. சோளம் விளைத்தவர் தம்மைச் சோளம் என்றனர். காட்டில் வாழ்ந்தவர் மரத்தின் பாலில் தம் குருதியைக் கண்டனர். இவற்றைக் கற்கும் பிள்ளை, அயலாரை இகழாமல் அறியக் கற்கும்.

வைதீகர் சினந்து, "எம் வேதத்தைச் சீனர் கதையோடும் காட்டு மக்கள் கதையோடும் சமமாக வைப்பதா?" என்பர். அவர்கள் அதே பத்தாம் மண்டலத்தின் 129ஆம் பாட்டைப் படிக்கட்டும். இப்படைப்பு எங்கிருந்து வந்தது என்று அறிந்தவர் யார், தேவரும் இதற்குப் பின் வந்தவரே என்று கூறி, மேல்வானத்திலிருந்து நோக்குபவன் அறிந்திருப்பான், அல்லது அவனும் அறியானோ என்ற ஐயத்தோடு அப்பாட்டு முடிகிறது. வேதம் பாடியவருக்கே ஐயுறும் உரிமை இருந்தது. அவ்வுரிமை தோட்டத்துப் பிள்ளைக்கு இல்லையோ?

நம் தோழர்களோ, "விஞ்ஞானம் இருக்கக் கட்டுக்கதை எதற்கு?" என்பர். அண்டம் தோன்றி ஏறக்குறைய 1,380 கோடி ஆண்டுகள் ஆயின. பூமிக்கு வயது 450 கோடிக்கு மேல். விஞ்ஞான வகுப்பில் இவை ஐயமறக் கற்பிக்கப்பட வேண்டும்; அங்கே எந்தப் புராணத்திற்கும் இடமில்லை. ஆனால், உன் பாட்டனைக் கோயில் வாசலுக்கு வெளியே ஏன் நிறுத்தினர் என்பதை விஞ்ஞான நூல் சொல்லாது. அவனை நிறுத்தியதற்குச் சாத்திரங்கள் காட்டிய நியாயம் ஒரு கதை. அக்கதையைக் கற்றே அதனை வெல்ல வேண்டும். படித்தவர் வீட்டிலும் மணப்பேச்சு வந்தவுடன் ஜாதி எட்டிப் பார்க்கிறதே! அது புருஷ சூக்தத்தைப் படித்ததனால் அன்று, படியாமலே நம்பியதனால்.

சிங்கப்பூரில் 1984இல் உயர்நிலைப் பள்ளி மேல்வகுப்புகளுக்குச் சமயக் கல்வி கட்டாயமாயிற்று. பைபிள், இஸ்லாம், பௌத்தம், இந்து சமயம், சீக்கியம், கன்பூசியர் நெறி ஆகியவற்றுள் ஒன்றை மாணவர் தேர்ந்து படித்தனர். 1989இல் அரசாங்கமே அக்கட்டாயத்தைக் கைவிட முடிவு செய்தது. ஒவ்வொருவரும் ஒன்றை மட்டும் படித்தால் அடுத்தவர் நெஞ்சை அறிவது எங்ஙனம்? மலேசியாவிலோ முஸ்லிம் மாணவர் இஸ்லாமியக் கல்விக்கும், ஏனையோர் நன்னெறிக் கல்விக்குமாகப் பிரிந்து செல்கின்றனர். ஒன்றாக அமரும் சமூகப் பாட வேளையிலேனும் ஒருவர் கதையை ஒருவர் கேட்டல் தகாதோ? அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1963இல், அரசாங்கப் பள்ளிகளில் பைபிளை வழிபாடாக ஓதுவதைத் தடுத்தது. சமயத்தை வரலாறாகவும் இலக்கியமாகவும் நடுநிலையிற் கற்பதைத் தடுக்கவில்லை. அந்த வேறுபாடே நாம் வேண்டுவது.

ஆசிரியர் கடமை மூன்று. வகுப்பில் எக்கதையையும் வழிபடச் செய்யற்க. எக்கதையையும் எள்ளி நகையாடற்க. எல்லாக் கதைகளிடத்தும் ஒரே கேள்விகளைக் கேட்க. இதைச் சொன்னவர் யார்? எம்மண்ணிற் சொன்னார்? இதனால் உயர்ந்தவர் யார், தாழ்ந்தவர் யார்? நம் கதைக்கு ஒரு துலாக்கோலும் அயலார் கதைக்கு ஒரு துலாக்கோலும் பிடிப்பவர் ஆசிரியராகார்.

தமிழருக்கு இது புதிதன்று. சிலர் இரந்தே உயிர்வாழ வேண்டும் என்பது விதியானால், இவ்வுலகை இயற்றியவனே எங்கும் அலைந்து கெடுக என்று இரவச்சம் என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் சினந்தார். படைத்தவனையே கேள்வி கேட்ட அவர் வழியில் வந்த நாம், படைப்பைப் பற்றிய கதைகளைக் கேள்வி கேட்க அஞ்சலாமா? பெற்றோரே! ஆசிரியரே! "நம்மை யார் படைத்தார்?" என்று நாளை உங்கள் பிள்ளை கேட்கும்போது ஒரே கதையைச் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். ஐந்து கதைகளைச் சொல்லுங்கள். ஆறாவதாகப் பிள்ளை கேட்கப்போகும் கேள்விக்குக் காத்திருங்கள்.