கோப்பின் பெயரை நம்பாதீர்கள்

மாணவர்களே, வீட்டுக் கணினியில் மெய்நிகர் ரூட்டர் ஒன்றை இயக்கிப் பார்க்கும் ஆசை உங்களில் சிலருக்கு இருக்கும். தாராளமாகச் செய்யுங்கள். பிணையம் எப்படி இயங்குகிறது என்பதைப் புத்தகத்தில் படிப்பதைவிட இது பல மடங்கு மேல். விர்ச்சுவல்பாக்ஸ் என்ற இலவச மென்பொருள் போதும். ரூட்டரின் இயங்குதளம் அடங்கிய 'இமேஜ்' கோப்பை அதில் ஏற்றினால், உங்கள் கணினிக்குள்ளேயே ஒரு ரூட்டர் ஓடத் தொடங்கும்.

அந்தக் கோப்பு எங்கிருந்து வருகிறது என்பதுதான் என் கவலை. டெலிகிராம் குழுவில் யாரோ போட்டிருப்பார். அல்லது நண்பனின் பென்டிரைவில் இருக்கும். பெயர் சரியாக இருக்கிறதே என்று ஏற்றிவிடுகிறோம். பெயரை யார் வேண்டுமானாலும் மாற்றலாம் அல்லவா? பிணையத்தின் தரவு முழுவதும் ரூட்டர் வழியாகவே போகிறது. அதற்குள் கள்ள நிரல் இருந்தால், பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதைதான்.

பெயர் பயனே இல்லாதது என்று சொல்லவில்லை. 'ஓப்பன் டபிள்யூஆர்டி' என்ற இலவச ரூட்டர் இயங்குதளத்தின் கோப்புப் பெயரில் பதிப்பு எண்ணும், எந்த வகைச் செயலிக்கானது என்பதும் இருக்கும். சாதாரணக் கணினிக்கு 'எக்ஸ்86-64' என்று இருப்பதைத்தான் எடுக்க வேண்டும். ஆனால் அது முகவரிச் சீட்டு மட்டுமே. கோப்பின் விரல்ரேகை, 'ஷா-256' என்ற கணக்கீடு தரும் 64 எழுத்து, எண்களின் வரிசை. கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் வரிசை அடியோடு மாறிவிடும். விண்டோஸிலும் லினக்ஸிலும் இதைக் கணக்கிடும் கட்டளை ஏற்கெனவே இருக்கிறது. வந்த விடையைத் தயாரிப்பாளரின் தளத்தில் உள்ள வரிசையோடு ஒப்பிடுங்கள். பொருந்தினால், நண்பனின் பென்டிரைவிலிருந்து வந்த கோப்பும் நல்ல கோப்புதான்.

தளமே களவுபோனால்? 2016 பிப்ரவரி 20ஆம் தேதி அதுதான் நடந்தது. லினக்ஸ் மின்ட் தளத்துக்குள் புகுந்தவர்கள், 17.3 சினமன் பதிப்பின் பதிவிறக்க இணைப்பை, பின்கதவு வைத்த வேறொரு கோப்புக்குத் திருப்பிவிட்டார்கள். இணைப்பை மாற்றத் தெரிந்தவருக்குப் பக்கத்தில் இருக்கும் வரிசையை மாற்றவும் தெரியும். அதனால்தான் ஓப்பன் டபிள்யூஆர்டி போன்ற குழுக்கள் அந்த வரிசைப் பட்டியலுக்கு மின்னொப்பமும் இட்டு வெளியிடுகின்றன. அதைச் சரிபார்ப்பது கொஞ்சம் சிரமம். இருந்தாலும் ஒருமுறையாவது செய்து பாருங்கள்.

திருட்டுப் பிரதி தேடுவதற்குச் சாக்கும் இல்லை. மைக்ரோடிக் நிறுவனம் தன் மெய்நிகர் ரூட்டரை இலவசமாகவே தருகிறது. வேகம் ஒவ்வோர் இணைப்புக்கும் நொடிக்கு 1 மெகாபிட்தான். கற்றுக்கொள்ள அது போதும்.

சரிபார்த்த கோப்பும் சங்கடம் தரலாம். நான் ஒருமுறை அவசரப்பட்டு 'பிரிட்ஜ்' முறையில் இயக்கிவிட்டேன். அந்த முறையில் மெய்நிகர் ரூட்டர் வீட்டுப் பிணையத்தோடு நேரடியாகச் சேர்ந்துவிடும். அதன் முகவரி 192.168.1.1. வீட்டு ரூட்டரின் முகவரியும் அதுவே! எது உண்மையான வாசல் என்று கைப்பேசிகளுக்குத் தெரியவில்லை. இணைய வகுப்பில் இருந்த தங்கையின் குரல் அடுத்த நிமிடமே கேட்டது.

ஆகவே முதலில் 'இன்டர்னல் நெட்வொர்க்' முறையைத் தேர்ந்தெடுங்கள். இன்னொரு மெய்நிகர் கணினியை மட்டும் அதோடு இணையுங்கள். மறக்காமல் கடவுச்சொல் வையுங்கள். புதிதாக நிறுவிய ஓப்பன் டபிள்யூஆர்டியில் 'ரூட்' கணக்குக்குக் கடவுச்சொல்லே இருக்காது. பிறகு ஒரு 'ஸ்னாப்ஷாட்' எடுத்துக்கொண்டு, விருப்பம்போல் உடைத்துப் பாருங்கள்.