அணையாத காந்தம்

“மிஷின் ஆஃப்லதான் இருக்கு, உள்ளே போங்க.” எம்.ஆர்.ஐ. அறை வாசலில் இதைவிட ஆபத்தான பொய் கிடையாது. பொய்யென்று தெரியாமலே பலர் அதைச் சொல்கிறார்கள் என்பதுதான் கொடுமை.

2018 ஜனவரியில் மும்பை நாயர் மருத்துவமனையில் நோயாளிக்குத் துணையாக வந்த 32 வயது இளைஞர், ஆக்சிஜன் சிலிண்டருடன் ஸ்கேன் அறைக்குள் போனார். இயந்திரம் ஓடவில்லை என்று ஊழியர் சொன்னதாகக் குடும்பத்தார் கூறினார்கள். காந்தம் சிலிண்டரோடு அவரையும் இழுத்தது, அவர் பிழைக்கவில்லை. வழக்கு, கைது, கவனக்குறைவு பற்றிய விவாதம் எல்லாம் நடந்தன. அந்த நம்பிக்கையை மட்டும் யாரும் கூண்டில் ஏற்றவில்லை.

இது எக்ஸ்ரே அறையில் பிடித்த பழக்கம் என்பது என் எண்ணம். அங்கே பொத்தானை விட்டால் கதிர் நின்றுவிடும்; சிவப்பு விளக்கு அணைந்தால் தாராளமாக நுழையலாம். எம்.ஆர்.ஐ.யிலும் தடதடவென்ற சத்தம் ஓய்ந்தால் எல்லாம் ஓய்ந்ததாக நினைத்துக்கொள்கிறோம். அந்தச் சத்தம் முதன்மைக் காந்தத்துடையதே அல்ல. படமெடுக்கும் நேரத்தில் மட்டும் மின்சாரம் பாயும் வேறு சுருள்கள் அதிர்வதால் எழுவது. ஆளைக் கொல்லும் காந்தம் வாயே திறப்பதில்லை.

நம் மருத்துவமனைகளில் உள்ள பெரும்பாலான எம்.ஆர்.ஐ. இயந்திரங்களில் நியோபியம்–டைட்டானியம் கம்பிச் சுருள், சுமார் மைனஸ் 269 டிகிரி செல்சியஸில் திரவ ஹீலியத்துக்குள் கிடக்கிறது. அந்தக் குளிரில் கம்பிக்கு மின்தடை இல்லை. 1911இல் லைடன் நகரில் காமர்லிங் ஓனஸ் பாதரசத்தில் கண்ட அதே மீக்கடத்தல்தான். இயந்திரத்தை நிறுவும்போது மின்னோட்டத்தை ஏற்றிச் சுற்றை மூடிவிட்டால், அது வெளி மின்சாரம் இல்லாமலே ஆண்டுக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும். கணினியை அணைத்தாலும், ஊரே இருட்டில் கிடந்தாலும் காந்தம் காந்தம்தான். 1.5 டெஸ்லா என்றால் பூமியின் காந்தப்புலத்தைப்போல் ஏறத்தாழ 30,000 மடங்கு.

“கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறேன்” என்பவர்களும் உண்டு. இழுவிசை சீராகக் கூடினால் அவர்கள் பிழைத்துக்கொள்ளலாம். ஆனால் வாசலில் ஒன்றுமே தெரியாது. இன்னும் இரண்டு எட்டு வைத்தால் சிலிண்டர் கையில் இருக்காது. வழியில் நிற்பவர் கதி என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் நிறுத்தவே முடியாதா? முடியும். சுவரில் உள்ள அவசரப் பொத்தானை அழுத்தினால் சுருளின் ஒரு பகுதி சூடாகி, மீக்கடத்தல் குலைந்து, ஹீலியம் கொதித்துக் குழாய் வழியே வெளியேறும். காந்தம் ஒன்றிரண்டு நிமிடங்களுக்குள் செத்துவிடும். மறுபடி ஹீலியம் நிரப்பி உயிர்ப்பிக்கப் பெருஞ்செலவு, நாள்கணக்கில் வேலை முடக்கம். அதனால் அந்தப் பொத்தானைத் தொடவே பயப்படுகிறார்கள். ஒருவர் நசுங்கிக் கிடக்கும்போது ஹீலியத்துக்கு விலை பார்ப்பதை நிர்வாகத் திறமை என்று நான் ஒப்பமாட்டேன். 2014 நவம்பரில் நவி மும்பையின் கார்கரில் சிலிண்டருக்கும் இயந்திரத்துக்கும் இடையே இரண்டு பேர் சிக்கினார்கள். காந்தத்தை அடக்கும் ஏற்பாடு வேலை செய்யவில்லை; சுமார் நான்கு மணி நேரம் அப்படியே கிடந்தார்கள்.

ஹீலியம் பலூனில் அடைக்கும் சாதுவான வாயுதானே என்ற அலட்சியம் இதன் தம்பி. ஒரு லிட்டர் திரவம் அறை வெப்பத்தில் சுமார் 750 லிட்டர் வாயுவாக விரியும். வெளியேற்றும் குழாய் அடைத்திருந்தால் அது அறைக்குள் கொட்டி ஆக்சிஜனைத் தள்ளிவிடும். நமக்கு மூச்சுமுட்டும் உணர்வைத் தருவது முக்கியமாக கரியமில வாயு சேர்வதுதான். இங்கே அது சேராததால் திணறலே இல்லாமல் ஆள் சாய்ந்துவிடுவார். உள்நோக்கித் திறக்கும் கதவாக இருந்தால், அறையின் அழுத்தத்தில் இழுத்தாலும் வராது.

ரேடியாலஜி மருத்துவருக்கு இவை பாடம். நள்ளிரவில் இரும்பு வாளியோடு துடைக்க வரும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும், பதற்றத்தில் சக்கர நாற்காலியைத் தள்ளி வரும் அண்ணன் தம்பிக்கும் யார் சொன்னது? கதவில் ஆங்கிலத்தில் ஒரு பலகை தொங்குகிறது. “ஸ்கேன் நடக்கிறது” என்று எரிந்து அணையும் விளக்கை அந்த வாசலிலிருந்து முதலில் கழற்றுங்கள். காந்தத்துக்கு ஒட்டாத அலுமினிய சிலிண்டர் கிடைக்கிறது. அவசரத்துக்கென்று இரும்பு சிலிண்டரை அந்தத் தாழ்வாரத்தில் நிறுத்திவைக்க ஒரு காரணமும் இல்லை.