பிள்ளையை யாரிடம் விடுவது?

திருப்பூரில் எந்தத் தெருவில் நடந்தாலும் அந்தப் பலகை கண்ணில் படும்: 'டெய்லர், செக்கிங், கைமடிக்குப் பெண்கள் தேவை.' ஆள் கிடைப்பதில்லை என்று முதலாளிகள் புலம்புகிறார்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ரயிலேறி ஆட்கள் வருகிறார்கள். அதே தெருவின் லைன் வீட்டு வாசலில், நன்றாகத் தைக்கத் தெரிந்த பெண் இடுப்பில் பிள்ளையோடு நிற்கிறாள். ஏனம்மா கம்பெனிக்குப் போகவில்லை என்று கேட்டால், "புள்ளைய யாருகிட்டங்க உடறது?" என்கிறாள்.

இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் பெண்கள் முன்னேற்றம் பற்றி எத்தனை கூட்டம், எத்தனை உறுதிமொழி!

சட்டம் இல்லாமல் இல்லை. 2017-இல் மகப்பேறு விடுப்பை 26 வாரமாக உயர்த்தினார்கள். 50 பேர் வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்த்துவரலாம் என்றும் எழுதினார்கள். நல்ல சட்டம்தான். ஆனால் பத்துப் பதினைந்து மெஷின் போட்ட பவர் டேபிள் என்னும் சிறு தையல் கூடத்தில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவளை அது எட்டிப் பார்ப்பதே இல்லை. கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் அவள் பெயரே இருக்காது. பிள்ளை பெற்றால் வேலை போயிற்று, அவ்வளவுதான். தமிழக அரசு ஊழியராக இருக்கும் பெண்ணுக்கு 2021 முதல் 12 மாதம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. அதைக் குறைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பிள்ளை பெறும் வலி இருவருக்கும் ஒன்றுதானே என்றுதான் கேட்கிறேன்.

அங்கன்வாடி இருக்கிறதே என்பார்கள். 1975-இல் தொடங்கிய திட்டம், தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு வேர் பிடித்தது. அதன் அருமையை மறுக்கவே முடியாது. ஆனால் கைக்குழந்தைக்கு அங்கே சத்துமாவு பாக்கெட் கிடைக்கும், இடம் கிடைக்காது. விடுப்பு கிடைத்தவளுக்கும் அது ஆறு மாதத்தில் முடிகிறது. பிள்ளை நடந்து, பேசி, அங்கன்வாடிக்குப் போகும் வயது வரும்வரை அதை யார் பார்ப்பது? அப்படியே சேர்த்துக்கொண்டாலும் மாலை நாலு மணிக்குள் பிள்ளையைக் கூட்டிப்போய்விட வேண்டும். பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை எட்டரைக்கு உள்ளே போனவள் இரவு எட்டரைக்குத்தான் வெளியே வருவாள். ஒரு ஷிப்டோடு கிளம்புகிறேன் என்று நாலு நாள் சொன்னால், ஐந்தாம் நாள் அவளுக்குப் பீஸ் வராது. அங்கன்வாடி ஊழியரைக் குறை சொல்லிப் பயனில்லை. வாக்காளர் பட்டியல் வேலை முதல் கணக்கெடுப்பு வரை அவர் தலையில்தான் கட்டுகிறார்கள். கொடுப்பதோ மதிப்பூதியம். அவரும் ஒரு பெண்தான், அவர் வீட்டிலும் பிள்ளை இருக்கும்.

மாமியார் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்வது எல்லோருக்கும் எளிது. தேனியிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் பிழைக்க வந்தவளுக்கு மாமியார் ஊரில் இருக்கிறாள், அவளும் கூலிக்குப் போகிறாள். அப்போது மூத்த மகள் பள்ளிக்கு மட்டம் போடுகிறாள். ஒருநாள், இரண்டுநாள், பிறகு படிப்பே நின்றுபோகிறது. தாய்க்குக் கிடைத்த வேலைக்கு மகளின் படிப்பு விலையாகிறது. இதைவிட வயிற்றெரிச்சல் வேறு என்ன இருக்கிறது?

அப்பா எங்கே என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. மத்திய அரசு ஊழியர் என்றால் அவருக்கு 15 நாள் விடுப்பு. தனியார் கம்பெனியில் வேலை செய்யும் தகப்பனுக்கு எந்தச் சட்டமும் ஒருநாள்கூடத் தரவில்லை. வேலை கேட்டுப் போகும் பெண்ணிடம்தான், "கல்யாணம் ஆயிருச்சா, குழந்தை இருக்கா?" என்று கேட்கிறார்கள். எந்த ஆணிடமும் இதைக் கேட்டு நான் பார்த்ததில்லை.

அரசால் முடியாது என்றால் நம்பமாட்டேன். 2021-இல் சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றார்கள். அந்தக் காசு அவர்கள் கையில் நின்றது. 2022-இல் பள்ளிகளில் காலைச் சிற்றுண்டி வந்தது. விடியற்காலையில் தாய்க்கு ஒரு வேலை குறைந்தது. பக்கத்தில் கர்நாடகத்தில் கிராமப் பஞ்சாயத்துகளில் 'கூசின மனெ' என்று குழந்தைக் காப்பகம் திறக்கத் தொடங்கிவிட்டார்கள். இங்கே மனமில்லை என்பதைத் தவிர வேறென்ன தடை?

திருப்பூரில் லைன் வீடுகள் நெருங்கிய இடங்களிலாவது அங்கன்வாடியை இரவு ஒன்பது வரை திறந்துவையுங்கள். கைக்குழந்தைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாலை நேரத்துக்குத் தனி ஊழியர் போட்டு, மதிப்பூதியமாக இல்லாமல் முழுச் சம்பளம் கொடுங்கள். ஆள் கிடைக்கவில்லை என்று புலம்பும் முதலாளிகள் அந்தச் செலவில் பாதியை ஏற்கட்டும். அதைச் செய்துவிட்டு அந்தப் பலகையை மாட்டுங்கள்.