இந்த ஊர் யாருக்கு மலிவு?

எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம் என்று நிறுவனம் சொல்லிவிட்டால், எந்த ஊரில் போய் உட்காரலாம் என்ற யோசனை தொடங்கிவிடுகிறது. லிஸ்பன், மெக்சிகோ நகரம், சியாங் மாய், தாலின் என்று ஊர்களை வரிசைப்படுத்தும் பட்டியல்களுக்குப் பஞ்சமில்லை. வீட்டு வாடகை, இணைய வேகம், காபி விலை, வெயில், விசா என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போடுகிறார்கள். அதே ஊரில் பிறந்து வளர்ந்தவருக்கு அந்த வாடகை கட்டுப்படியாகிறதா என்பதற்கு மட்டும் மதிப்பெண் கிடையாது. அதையும் சேர்க்காத ஒப்பீடு அரைகுறையானது.

லிஸ்பனை எடுத்துக்கொள்வோம். 2022 அக்டோபர் இறுதியில் போர்ச்சுகல் அரசு தொலைதூரப் பணியாளர்களுக்கென்றே தனி விசாவைக் கொண்டுவந்தது. அந்நாட்டின் குறைந்தபட்ச ஊதியத்தைப்போல் நான்கு மடங்கு மாத வருமானம் இருந்தால்தான் அது கிடைக்கும். 2025-இல் குறைந்தபட்ச ஊதியம் 870 யூரோ. அந்த ஆண்டு விசாவுக்குக் காட்ட வேண்டியிருந்தது 3,480 யூரோ. 870 வாங்கும் உணவக ஊழியரும் 3,480 வாங்கும் விருந்தாளியும் ஒரே தெருவில் வீடு தேடினால் சாவி யார் கைக்குப் போகும்? பழைய அல்ஃபாமா பகுதியின் படிக்கட்டுச் சந்துகளில் நடந்தால் பதில் கண்ணெதிரே தெரியும். வாசலுக்கு வாசல், குறுகிய கால வாடகை வீடு என்று அறிவிக்கும் சிறு பலகை. பக்கத்திலேயே, வருகிறவர் தாமே சாவியை எடுத்துக்கொள்ள எண்பூட்டு வைத்த பெட்டி. 2023 ஏப்ரல் 1 அன்று லிஸ்பனிலும் மற்ற நகரங்களிலும் ஆயிரக்கணக்கானோர் குடியிருக்க வீடு கேட்டு வீதியில் இறங்கினார்கள்.

பழி முழுவதையும் மடிக்கணினியோடு வந்தவர்மேல் சுமத்துவது நியாயமாகாது. 2012-இல் வாடகைச் சட்டத்தைத் தளர்த்தியதும், அதே ஆண்டு வீடு வாங்கும் வெளிநாட்டவருக்கு வசிப்பு உரிமை தர முன்வந்ததும் அரசுதான். 2009 முதல், வெளியிலிருந்து வந்து குடியேறிய குறிப்பிட்ட சில துறை வல்லுநர்களுக்குப் பத்தாண்டு காலம் வருமான வரி 20 விழுக்காடு என்று சலுகை இருந்தது. உள்ளூர்க்காரருக்கோ வருமானத்துக்கேற்ப ஏறும் வழக்கமான வரி. அந்தச் சலுகையைப் புதியவர்களுக்கு நிறுத்த 2024 ஆனது. இத்தனைக்கும் அந்நாட்டு வீடுகளில் பொதுக் குடியிருப்புகள் சுமார் 2 விழுக்காடுதான். வீடு கட்டாமல் விருந்தாளியை அழைத்ததே அடிப்படைத் தவறு.

மெக்சிகோ நகரமும் இதைத்தான் அனுபவிக்கிறது. தொலைதூரப் பணியாளர்களை ஈர்க்க ஏர்பிஎன்பி நிறுவனத்தோடும் யுனெஸ்கோவோடும் 2022-இல் கைகோத்தவர் அன்றைய நகரத் தலைவர் கிளவுடியா ஷேன்பாம். 2025 ஜூலை 4 அன்று ரோமா, கொண்டேசா பகுதிகளில் வாடகை உயர்வை எதிர்த்து ஊர்வலம் நடந்தது. கடைக் கண்ணாடிகள் உடைந்தன, அந்நியரே வெளியேறுங்கள் என்ற குரல் எழுந்தது. இப்போது நாட்டின் அதிபராக இருக்கும் அதே ஷேன்பாம் அந்த வெறுப்பைக் கண்டித்தார். கண்டித்தது சரி. ஆனால், அழைப்பு விடுத்த நாளிலேயே உள்ளூர் வாடகைதாரருக்கும் ஒரு பாதுகாப்பு எழுதப்பட்டிருந்தால் கோபம் இந்த அளவுக்கு வந்திருக்காது.

சியாங் மாயில் வாடகையைவிட வேறொன்று மனத்தை உறுத்துகிறது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வயல்களிலும் காடுகளிலும் வைக்கும் தீயால் அந்த ஊரே புகைக்குள் மூழ்கும். தொலைதூரப் பணியாளர்களில் பலர் அந்த மாதங்களில் கடற்கரை ஊர்களுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். தெருவோரத்தில் நூடுல்ஸ் விற்பவர் எங்கே போவார்?

வழி இல்லாமல் இல்லை. வியன்னாவில் பாதிப் பேர் நகராட்சி வீடுகளிலோ அரசு உதவியில் கட்டிய வீடுகளிலோ வசிக்கிறார்கள். அப்படியிருந்தும் 2024 ஜூலை முதல், குடியிருக்கும் வீட்டை ஆண்டுக்கு 90 நாளுக்குமேல் சுற்றுலா வாடகைக்கு விட அனுமதி பெற வேண்டும். பார்சிலோனா 10,101 சுற்றுலா வீடுகளின் உரிமத்தை 2028 நவம்பருக்குள் முடிவுக்குக் கொண்டுவருவதாக அறிவித்துள்ளது. இரண்டாவது முடிவு கடுமையானதுதான். பல ஆண்டுகள் பேசாமல் இருந்துவிட்டுக் கடைசியில் எடுக்கும் முடிவு அப்படித்தான் இருக்கும்.

விசாக் கட்டணத்தில் ஒரு பங்கை வாடகை வீடுகள் கட்ட ஒதுக்குவது அரசுகளால் முடியாத காரியமல்ல. அலுவலக வாடகையை மிச்சப்படுத்தும் நிறுவனங்கள், தம் பணியாளர் வேறு நாட்டில் செலுத்த வேண்டிய வரியைத் தட்டிக்கழிக்காமல் செலுத்த உதவலாம். வீட்டுக்காரரும் இரவுக் கணக்கில் வரும் கூடுதல் காசுக்காக நெடுநாள் குடித்தனக்காரரை வெளியேற்றக் கூடாது. இதில் எந்தத் தரப்பும் எனக்கென்ன என்று ஒதுங்க முடியாது.

தொலைதூரப் பணியாளர்கள் பெறக்கூடிய தாய்லாந்தின் ஐந்தாண்டு விசாவுக்கும் மலேசியாவின் டிஇ ரன்டாவ் அனுமதிக்கும் இந்தியர்களும் விண்ணப்பிக்கலாம். அப்படிக் கிளம்பும் நம் பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். இணைய வேகத்தை விசாரிக்கும்போதே, அந்த வீட்டுக்கு உரிமம் இருக்கிறதா, அதில் முன்பு யார் குடியிருந்தார்கள் என்றும் விசாரியுங்கள். இரவுக் கணக்கை விட்டு மாத ஒப்பந்தம் போடுங்கள். அந்தத் தெருவில் உள்ளவர்கள் கொடுக்கும் வாடகையைத் தெரிந்துகொண்டு, அதற்குமேல் ஏற்றிக் கொடுக்காதீர்கள்.